புரட்டாசிப் பொட்டலம்

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று புரட்டாசி பிறந்துவிட்டது. மாதம் முடியும்வரை மெஸ்ஸில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது என்று பலகையில் எழுதி மாட்டினேன். நம் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகள் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். "அணுகுண்டே விழப்போகுதுங்கிறாங்க, இந்தம்மா முட்டைக்குத் தடை போடுது" என்று ஒருத்தன் முனகினான். காதில் விழுந்தது. நாளைக்கு அவன் தட்டில் அப்பளம் விழாது.

இந்த டைரியைக் கொடுத்தது பிரகல்யா. தர்மபுரிப் பிள்ளை, கடைசி வருஷம் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருப்பதைவிட என் அடுப்படியில் இருப்பதுதான் அதிகம். "அக்கா, இன்டர்நெட்டை நெனச்சா நிறுத்துறாங்க, நெனச்சா விடுறாங்க. சோலை அண்ணன்கிட்ட சொல்லணும்னு தோணுறதை எல்லாம் இதுல எழுதி வைங்க. வந்ததும் படிக்கட்டும்" என்றாள். நல்ல யோசனைதான். அவனிடம் சொல்ல நினைப்பதில் பாதி வசவு. மறந்துபோனால் நஷ்டம்.

சோலை என்றால் சோலைமலை, என் தம்பி. இந்த மெஸ்ஸில் பரோட்டா வீச மதுரையிலிருந்து நான்தான் வரவழைத்தேன். ரெண்டு கையிலும் மாவை வீசினால் பிள்ளைகள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். போன பங்குனியில் விசா முடிந்து, புது விசா வருவதற்குள் சந்தையில் காய் வாங்கப் போனவனைப் போலீஸ் பிடித்துவிட்டது. ஸ்டேஷனுக்கே சாம்பல் படைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஒன்று ஜெயிலுக்குப் போ, இல்லாவிட்டால் இதில் கையெழுத்துப் போடு என்றார்களாம். போட்டுவிட்டான்.

சாம்பல் படை என்பது எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர். கையில் சாம்பல் நிறத்தில் துணிப்பட்டை கட்டியிருப்பார்கள். பக்கத்து நாட்டோடு நடக்கிற இந்தச் சண்டைக்கு ராணுவம் போதாதென்று அரசாங்கமே வளர்த்துவிட்ட கூலிப்படை. ஆனால் சோலைக்குச் சமையல் வேலைதான். சண்டை நடக்கிற இடத்துக்கு ரொம்பத் தள்ளி, கிச்சனில் இருக்கிறான். அவனே சொன்னான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லூதாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் சண்டை. பாத்திரம் கழுவ வருகிறவள் என்று பேர், உண்மையில் இந்த மெஸ்ஸுக்கு அவள்தான் எஜமானி. மூன்று வருஷமாகச் சொல்கிறேன், சாப்பாட்டுத் தட்டை இடது கையால் நீட்டாதே என்று. இன்றைக்கும் நீட்டினாள். "எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்" என்கிறாள். அவள் பேசுவது அவள் மொழி. நான் அதை எங்கள் ஊர் மொழியாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் அப்பா இருந்திருந்தால் தெரியும். சோலை ஒருதரம் இடது கையால் முறுக்கு வாங்கியதற்கு முதுகில் வைத்தார் பாருங்கள், அதற்குப் பிறகு அவன் தூக்கத்தில்கூட இடது கையை நீட்டியதில்லை.

காலேஜிலிருந்து அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று. சோலை பெயரும் மெஸ் கணக்கில் இன்னும் இருப்பதால் அவனுக்கும் சேர்த்து ரெண்டு வாங்கிக்கொண்டேன். தலை பாரமாக இருந்தது, ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். பிரகல்யா தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, அது குண்டு விழுந்தா போடுறது. தலைவலிக்கு இல்ல." இரண்டையும் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

டிவியில் கோட்டு போட்டவன் ஒருவன் மேப்பை வைத்துக்கொண்டு, எந்த ஊருக்குக் குண்டு போய்ச்சேர எத்தனை நிமிஷம் ஆகும் என்று பலகாரக் கடையில் விலை சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். லூதா எழுந்து போய் டிவியை அணைத்தாள். இந்த ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு கிடங்கு இருக்கிறது. அந்தக் குண்டுகள் அங்கேதான் இருக்கின்றன என்று ஊரே சொல்கிறது. அந்தக் கிடங்குக்குக் காவல் நிற்கிற ராணுவப் பையன்களில் ஒருவன் லூதாவின் மகன் ஷென்யா.

செப்டம்பர் 25, வியாழன்

சோலையிடமிருந்து குரல் வந்தது! வேறு யாருடைய போனிலிருந்தோ அனுப்பியிருக்கிறான். ஆடி மாசத்திலிருந்து அவன் எழுதி அனுப்புவதே இல்லை, எல்லாம் பேச்சுதான். வீடியோவிலும் வருவதில்லை, கேமரா உடைந்துவிட்டதாம். ஆடியில் கொதிக்கிற எண்ணெய் தெறித்து ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அதற்குப் பிறகு சோம்பேறியாகிவிட்டான்.

மறந்துபோகாமல் இருக்க அவன் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, நல்லாருக்கேன். இங்கிட்டு ஒரே மழை. ஈரத்துலயே நின்னு நின்னு கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோச்சு, என்னத்தத் தடவலாம்னு அந்த டாக்டர் பிள்ளைட்ட கேட்டுச் சொல்லு. அம்மாட்ட ஓட்டல்ல இருக்கேன்னே சொல்லு. அப்புறம்... சிரிக்காத. நேத்து ஒன் புளியோதரை வாசம் கனவுல வந்துச்சு. வாசம்லாம் கனவுல வருமாக்கா?"

பின்னால் தொம் தொம் என்று சத்தம். பாத்திரங்களை இறக்குகிறார்கள் போலிருக்கிறது. கிச்சனில் எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கிடந்தால் கால் வேகத்தான் செய்யும். பிரகல்யா அதை ரெண்டு முறை போட்டுக் கேட்டாள். ஏதோ சொல்ல வந்து, களிம்பு பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புளியோதரை கேட்கிறான் பார். தட்டில் போட்டால் முதலில் கடலையை எல்லாம் பொறுக்கித் தின்பான். அப்புறம் கருவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து, பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். ஒன்றின் காம்பு இன்னொன்றின் நுனியைத் தொட வேண்டும். கோணினால் சரிபண்ணிவிட்டுத்தான் அடுத்த வாய். சின்ன வயசிலிருந்து அடித்தும் திருத்த முடியாத பழக்கம் அது ஒன்றுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

பதில் அனுப்பினேன். போய்ச் சேரவில்லை.

அக்டோபர் 1, புதன்

சாம்பல் படைத் தலைவன் ஒரு வீடியோ போட்டிருக்கிறான். தாடிக்காரன். பின்னால் பிணங்களைப் படுக்கப் போட்டுக்கொண்டு கத்துகிறான். ராணுவத் தலைமை தன் ஆட்களுக்குக் குண்டும் கொடுக்கவில்லை, சோறும் கொடுக்கவில்லை, வேண்டுமென்றே சாகவிட்டார்கள், இனி சண்டை அவர்களோடுதான் என்கிறான். படையைத் திருப்பிக்கொண்டு உள்நாட்டுக்குள்ளேயே வருகிறானாம்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டால் இப்படித்தான். அரசாங்கத்தைக் குடையட்டும், எனக்கென்ன. என் கவலை வேறு. சமையல்காரனையும் சேர்த்துத்தானே கூட்டிக்கொண்டு வருவார்கள்? எங்கே வருகிறார்கள் என்று லூதாவைக் கேட்டேன். அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"இங்கே. கிடங்குக்கு."

கத்தியை வைத்துவிட்டு முந்தானை இல்லாத கவுனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மகன் கிடங்குக்கு இந்தப் பக்கம். என் தம்பி அந்தப் பக்கம்.

அக்டோபர் 3, வெள்ளி

கரண்ட் இல்லை, இன்டர்நெட் இல்லை. கடைகளில் ரொட்டி இல்லை. சனங்கள் காரில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வடக்கே போகிறார்கள்.

காலேஜில் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலை பஸ். எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுவார்கள், அங்கிருந்து விமானம். எனக்கும் சீட்டு உண்டு. சோலைக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றேன். காலேஜ் அதிகாரி, ஆள் எங்கே என்றான். வருவான் என்றேன். ஆள் இல்லாமல் சீட்டு கிடையாது என்றான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம் உன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள், எனக்கு இன்னும் ஒரு சீட்டு கிடையாதா என்று தமிழிலேயே கத்தினேன். புரிந்ததோ இல்லையோ, கொடுத்துவிட்டான்.

இனி ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சோலையைக் கண்டுபிடித்து அந்த பஸ்ஸில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு இந்த ஊர்மேல் எது விழுந்தாலும் விழட்டும்.

அக்டோபர் 4, புரட்டாசி சனி

வந்துவிட்டார்கள்.

காலையில் பால் காய்ச்சும்போது கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் கிணுகிணுவென்று ஆடின. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரு நிறைய டாங்கி. எல்லாவற்றிலும் சாம்பல் துணி. சுடுவார்கள் என்று பார்த்தால் சுடவில்லை. பெரிய மைதானத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். அவர்களை எதிர்க்க ஊரில் ஒரு போலீஸ்காரன் இல்லை. ஊர்ச்சனங்கள் மெல்லப் போய் சிகரெட், ஆப்பிள் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். பயந்து கொடுத்தவர்கள் பாதி, பாசத்தில் கொடுத்தவர்கள் பாதி.

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. இவ்வளவு பேரில் அவனை எங்கே போய்த் தேடுவேன்? எல்லோரும் கண் மட்டும் தெரிகிற முகமூடி. பேரைச் சொன்னால் தெரியாது, அவர்களுக்குள் பட்டப்பெயர்தான். ஆனால் புளியோதரைப் பொட்டலம் ஒன்று அந்தக் கூட்டத்துக்குள் போனால் போதும். வாசத்தைப் பிடித்துக்கொண்டு அவனே வந்துவிடுவான்.

இருந்த அரிசியை எல்லாம் கொட்டினேன். நல்லெண்ணெய் கடைசிச் சொட்டுவரை. கரண்ட் இல்லாமல் பிரீசரில் பனி உருகி, ஊரிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த கருவேப்பிலை நனைந்து கிடந்தது. நாளைக்கு எப்படியும் கெட்டுப்போகும். மொத்தத்தையும் தாளித்துவிட்டேன். சோலை பார்த்தால் "புளியோதரையா, கருவேப்பிலைக் காடா?" என்று கேட்பான். கேட்கட்டும். கேட்க வரட்டும்.

பொட்டலம் கட்ட ஆள் வேண்டும். லூதாவைக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. அவள் மகனை நோக்கிப் போகிறவர்களுக்கு அவளையே சோறு கட்டச் சொல்வதா? அவளே வந்து உட்கார்ந்தாள்.

"கொடு, நானும் கட்டுறேன்."

"லூதா, இது அவங்களுக்கு."

"தெரியும். வயிறு நிறைஞ்சவன் அவசரப்பட்டுச் சுட மாட்டான்."

பேப்பர் தீர்ந்துபோய், அலமாரியில் விரிக்க ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தமிழ்ப் பேப்பர்களைக் கிழித்து, உள்ளே எண்ணெய்த் தாள் வைத்து நூல் சுற்றினோம். பிரகல்யா ஒரு கட்டைப் பை, நான் ஒரு கட்டைப் பை.

மைதானத்தில் ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்றேன். "இந்தியா? சோலை? சமையல்காரன்?" என்று கேட்டேன். சிலர் தலையை ஆட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பயல்கள். ஒருத்தன் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டுத் தும்மினான். நான் தொண்டை கிழியத் தமிழில் கத்திக்கொண்டே போனேன்.

"டேய் சோலை! நாளைக்குக் காலையில பஸ்சு. ஒனக்கும் சீட்டு வாங்கிட்டேன். எங்கிட்டு இருந்தாலும் வந்துருடா! நீ வராம நான் ஏற மாட்டேன்!"

பிரகல்யா கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அந்த ஆபீசர் பார்க்கிறான். மெதுவா."

குதிரைச் சிலைக்குக் கீழே ஒரு வண்டி. அதன்மேல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். குளிருக்கு அடக்கமாக வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. பக்கத்திலேயே அந்த ஆபீசர். பொட்டலத்தை நீட்டினேன். இடது கையை நீட்டி வாங்கினான். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. காலையிலிருந்து நின்ற கால், தேடிச் சலித்த கண், எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"ஏண்டா, சோத்தை இடது கையாலயா வாங்குவ? ஒங்கம்மா சொல்லிக் குடுக்கலையா ஒனக்கு?"

தமிழ் அவனுக்கு என்ன புரியும். ஆனால் தலையை இன்னும் குனிந்துகொண்டான். கொஞ்சம் வெட்கம் இருக்கிறது, பரவாயில்லை என்று இன்னொரு பொட்டலமும் அவன் மடியில் வைத்தேன். எங்கள் சோலை என்றால் செத்தாலும் இடது கையால் சோறு வாங்க மாட்டான் என்று பிரகல்யாவிடம் சொல்லிக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போனேன்.

பை காலியானது. சோலை வரவில்லை.

அவன் இந்தக் கூட்டத்தில் இல்லை. கிச்சன் பின்னால் வரும். நாளைக்கு வந்துவிடுவான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பஸ் வரவில்லை. ரோட்டை அடைத்துவிட்டார்கள். விடிந்ததும் டாங்கிகள் மைதானத்தைவிட்டுக் கிடங்கைப் பார்க்கக் கிளம்பிவிட்டன. எல்லோரும் ஹாஸ்டல் பேஸ்மென்டில் இருக்கிறோம்.

ரேடியோவில் தாடிக்காரன் சொல்கிறான், கிடங்கின் சாவி சாயங்காலத்துக்குள் தன் கைக்கு வரும், அதற்கப்புறம் தலைநகரம் தன்னிடம் மரியாதையாகப் பேசும் என்று. அரசாங்கம் சொல்கிறது, கிடங்குக் கதவை எவன் தொட்டாலும் அந்த இடமே இருக்காது என்று. அந்த இடம் என்றால் எந்த இடம்? கிடங்கா, காடா, நாங்களா? அதை ஒருத்தரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முட்டைக்கு முனகினவன் என் தோளில் சாய்ந்து அழுகிறான். அன்றைக்கு அவனுக்கு அப்பளம் போட்டிருக்கலாம்.

லூதாவிடம் மாத்திரை இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கும் காலேஜ் ஆட்களுக்கும்தான் கொடுத்தார்கள். சோலையுடையதை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இது உன் தம்பிக்கு" என்றாள். "அவன் வந்தா என்னுடையதைக் குடுக்கிறேன்" என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்ல இங்கே ஒன்றுமில்லை. சாவுக்கு இல்லை, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அழகர்மலையானை நோக்கிக் கையெடுத்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை, அதுதான் பயம். சோலை ஜெயிக்கட்டும் என்றால் ஷென்யா சாக வேண்டும். ஷென்யா பிழைக்கட்டும் என்றால் சோலை சாக வேண்டும். அவன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாமியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இதே குழப்பம்தான் இருக்கும். ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டோம்.

அக்டோபர் 6, திங்கள்

சுடவில்லை! ஒருத்தரும் சுடவில்லை.

ராஜியாம். தாடிக்காரனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் யாரோ பேசி, சாம்பல் படை கிடங்கைத் தொடாமலேயே காட்டுவழியாக வடக்கு எல்லை முகாமுக்குத் திரும்பிப் போய்விட்டது. இந்த ஊர் வழியாக வரவேயில்லை. நாளைக்கு பஸ். ஷென்யா போன் செய்தான். லூதா போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், அவனைத் திட்டினாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது.

அப்புறம் அவள் முகம் மாறியது. "போலீஸ் திரும்பி வந்துட்டான். அவங்களுக்கு யார் சாப்பாடு குடுத்தாங்கன்னு விசாரிக்கிறான். உன் பொட்டலப் பேப்பர் மைதானம் பூரா கிடக்கு. அந்த எழுத்து இந்த ஊர்ல வேற யாருது?"

பையை எடுத்துக்கொண்டு நானும் பிரகல்யாவும் ஓடினோம். சோறு போட்டவளே எச்சில் இலையும் எடுப்பது எங்களுக்கு ஒன்றும் புதுசில்லை. பெஞ்சடியில், புல்லில், டாங்கி ஏறி நசுங்கின தடத்தில் எல்லாம் தமிழ் எழுத்து. பாதிப் பேர் ஒரு வாய் தின்றுவிட்டு உறைப்பில் வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குதிரைச் சிலையின் படியில் ஒரு பொட்டலப் பேப்பர் விரித்துக் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேல் ஓரத்தில் யாரோ ஒரு கல்லை வைத்திருந்தார்கள். எடுக்கக் குனிந்தேன்.

சுத்தமாக வழித்துத் தின்ற பேப்பர். கடலை ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் எண்ணெயில் ஒட்டின கருவேப்பிலை. வரிசையாக. ஒன்றின் காம்பு இன்னொன்றின் நுனியைத் தொட்டுக்கொண்டு, பேப்பரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

நான் கத்தினேன் என்று பிரகல்யா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. "உசுரோட இருக்கான்டி! சாப்பிட்டிருக்கான்டி! இங்கனதான்டி இருந்திருக்கான்!" என்று அவளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் படியையும், வண்டி நின்ற எண்ணெய்க் கறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா... இந்த இடத்துல நின்ன வண்டியில யாருக்குக் குடுத்தோம்?"

இந்த இடத்தில் நின்ற வண்டியில்

சோலை. டேய் சோலை. வலது கையைக் குளிருக்காடா உள்ளே விட்டிருந்தாய்?

அக்டோபர் 7, செவ்வாய்

எண்ணெய் தெறிக்கவில்லை. கேமரா உடையவில்லை. ஆடியிலேயே கை போயிருக்கிறது. எந்தக் கிச்சனிலும் அவன் இருந்ததில்லை. எனக்கும் தெரிந்தேதான் இருந்தது என்று நினைக்கிறேன். பாத்திரம் இறக்குகிற சத்தம் அப்படி இருக்காது.

கை போனவனை ஏன் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று பிரகல்யாவைக் கேட்டேன். "ஊருக்குப் போனா பேசிருவாங்கல்ல அக்கா" என்றாள். அவன் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்கவில்லை. அது எனக்கே தெரியும். பக்கத்தில் ஆபீசர். வாயைத் திறந்திருந்தால் நான் அந்த வண்டிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பேன். அவன் வராமல் ஏற மாட்டேன் என்று கத்தினதை அவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான். நான் பஸ் ஏற வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டான். ஆனால் சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியவும் வேண்டும். அதற்குத்தான் அந்தக் கல்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பிரகல்யா படியில் நின்றுகொண்டு ஒரு பாட்டம் அழுதாள், ஒரு பாட்டம் திட்டினாள். "திரும்பக் குண்டு குண்டுன்னு ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க? அவர் எங்க இருக்கார்னே தெரியாதுல்ல?" அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாதுதான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்த விலாசம் இந்த நாட்டில் இது ஒன்றுதான். அவள் தலையைத் தடவி உள்ளே தள்ளினேன். எனக்கு வாங்கின சீட்டும் சோலைக்கு வாங்கின சீட்டும் காலியாகவே போயின.

மத்தியானம் போன் வேலை செய்தது. அம்மா.

"சோலையைப் பார்த்தியாடி?"

"பார்த்தேம்மா. சனிக்கிழமை வந்தான்."

"சாப்பிட்டானா?"

"புளியோதரை கிண்டிப் போட்டேன். ரெண்டு பொட்டலம். என் கையாலதான் குடுத்தேன்."

"இன்னும் அந்தக் கருவேப்பிலையப் பொறுக்கி வைக்கிறானா?"

"வைக்கிறாம்மா. வரிசையா வச்சிட்டுப் போயிருக்கான்."

"கழுதை" என்றாள் அம்மா. சிரித்தாள். "நாலு அடி போட்டிருக்கணும் நீ."

அக்டோபர் 9, வியாழன்

போலீஸ் வந்து கேட்டது. பொட்டலம் கட்டியது தான்தான் என்று லூதா சொல்லிவிட்டாள். காவல்கார மகனின் அம்மாவை என்ன செய்ய முடியும்? போய்விட்டார்கள்.

வடக்கு முகாம் எங்கே இருக்கிறது என்று ஷென்யா விசாரித்துச் சொல்கிறானாம்.

அக்டோபர் 11, புரட்டாசி சனி

ரேடியோவில் கோட்டுக்காரன் மறுபடியும் நிமிஷக் கணக்கு சொல்ல ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு. வடக்கு முகாம் என்ன ஆனது என்று ஷென்யாவுக்கும் தெரியவில்லை. அங்கே ஏதோ வெடித்தது என்கிறார்கள், இல்லை என்கிறார்கள்.

சனிக்கிழமை என்பதால் மிச்சமிருந்த அரிசியில் கொஞ்சமாகப் புளியோதரை கிண்டினேன். எனக்கும் லூதாவுக்கும். கருவேப்பிலை இல்லை. தமிழ்ப் பேப்பரை விரித்து அதிலேயே போட்டுக்கொண்டேன். வலது கையை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் எடுத்தேன். லூதா பார்த்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை என் இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சோறு விரலுக்குள் நிற்கவில்லை. வாய்க்குப் போனது பாதி, மடியில் பாதி. கடலையைப் பொறுக்கப் போனால் நழுவி ஓடுகிறது. சாப்பிட்டு முடித்து எழுந்தபோது பேப்பரைச் சுற்றித் தரையெல்லாம் பருக்கை.

ஆடியிலிருந்து இடது கையால் தின்று பழகியிருக்கிறான். அவன் பேப்பரைச் சுற்றி ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கவில்லை.